எடை எங்கே நிற்கிறது: மாதிரி விமானத்தின் ஈர்ப்பு மையம்

ரேடியோவால் இயக்கப்படும் மாதிரி விமானத்தின் கிட் பெட்டியைப் பிரித்தால், லேசரால் வெட்டிய பால்சா மரத்தகடுகள், ஒட்டுப்பலகைத் துண்டுகள், எஃகுக் கம்பிகள், சிறு திருகாணிகள் ஆகியவற்றோடு முழு அளவு வரைபடம் ஒன்றும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் பக்கவாட்டுத் தோற்றத்தில், இறக்கைக்கு நேராக, நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு எதிரெதிரான இரண்டு மட்டும் கறுப்பாக நிரப்பப்பட்ட சிறு வட்டம் ஒன்றைக் காணலாம். புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறவர்கள் மோட்டாரின் வலுவையும் பேட்டரி தாங்கும் நேரத்தையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில், அந்த வரைபடத்தில் உள்ள எல்லாக் கோடுகளிலும் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சிறு வட்டத்தைத்தான். விமானத்தின் ஈர்ப்பு மையம் அமைய வேண்டிய இடத்தை அது காட்டுகிறது. கிட்டை உள்ளபடியே கட்டினாலும், மோட்டாரையோ பேட்டரியையோ நம் விருப்பத்துக்கு மாற்றினாலும், முடிவில் ஈர்ப்பு மையம் அந்த இடத்தில் வந்து நின்றால்தான் விமானம் நம் சொல் கேட்கும்.

மோட்டார், பேட்டரி, சர்வோ (வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பகுதிகளைத் திருப்பும் சிறு கருவி), சக்கரம், பசை என்று விமானத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி எடை இருக்கிறது. இந்த எடைகள் எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளியின் வழியாகக் கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம்; அந்தப் புள்ளியே ஈர்ப்பு மையம். இரண்டு விரல்நுனிகளில் விமானத்தை ஏந்தும்போது அது எந்த இடத்தில் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நிற்கிறதோ, அந்த இடத்துக்கு நேராக ஈர்ப்பு மையம் இருக்கிறது. காற்றில் பறக்கும்போதும் விமானம் மேலும் கீழும் தலையசைப்பது இந்தப் புள்ளியைச் சுற்றித்தான்.

அப்படியானால் அது ஏன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும்? இதற்கு இன்னொரு புள்ளியையும் அறிந்துகொள்ள வேண்டும். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு காற்று வந்து மூக்கைச் சற்றே தூக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே இறக்கையும் வாலும் காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது; இரண்டிலும் கொஞ்சம் கூடுதல் தூக்குவிசை பிறக்கிறது. அந்தக் கூடுதல் விசை முழுவதும் சேர்ந்து செயல்படுவதாகக் கொள்ளும் இடத்துக்கு நடுநிலைப் புள்ளி என்று பெயர். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருந்தால், கூடுதல் தூக்குவிசை ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் மேல்நோக்கித் தள்ளும். வால் உயர்ந்து, மூக்கு தானாகவே கீழே இறங்கி, விமானம் பழைய நிலைக்குத் திரும்பும். ஈர்ப்பு மையம் நடுநிலைப் புள்ளிக்குப் பின்னால் போய்விட்டால் நேர்மாறாக நடக்கும்: கூடுதல் விசை ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் தள்ளுவதால், ஏற்கெனவே உயர்ந்த மூக்கு மேலும் உயரும், அதனால் விசை மேலும் கூடும். ஒரு நொடிக்குள் விமானம் கட்டுப்பாட்டை மீறிப் போவது இப்படித்தான்.

விமானவியல் என்ற துறை வளர்வதற்கு முன்பே இதற்கு மாதிரி விமானத்தால் விடை கண்டவர் ஒருவர் உண்டு. பிரான்சைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெனோ 1871இல் பாரிசில் முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டார். பின்னால் சிறிய கிடைவாலை வைத்து, அதை இறக்கையைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் பொருத்தியிருந்ததால், யாரும் கட்டுப்படுத்தாமலே அது நிலைகுலையாமல் பறந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்துக்கு அந்த இயல்பு இல்லை. எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பலகை, முன்னால் இருந்த அந்த விமானம் மூக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பறந்தது. மறு ஆண்டில் அவர்கள் விமானத்தின் முன்பகுதியில் இரும்பு எடையைக் கட்டி ஈர்ப்பு மையத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். மூக்கில் எடை சேர்ப்பது புதிதாகக் கட்டுவோருக்கு மட்டும் உரிய வேலை என்று யாராவது கூச்சப்பட்டால் இதைச் சொல்லலாம்.

ஈர்ப்பு மையத்துக்கும் நடுநிலைப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியை இறக்கை அகலத்தின் விழுக்காடாகக் குறிப்பது வழக்கம். இறக்கை அகலம் என்று நான் சொல்வது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அளவை. பழகுநர்களுக்கான விமானங்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். நடுநிலைப் புள்ளியைக் கணக்கிடுவதற்கு வாலின் பரப்பும் அது இருக்கும் தொலைவும் வேண்டும்; அந்த வேலையை வடிவமைத்தவர் நமக்காக முன்பே செய்து, முடிவை வரைபடத்து வட்டமாகத் தந்திருக்கிறார். வழக்கமான, வாலுள்ள பழகுநர் விமானத்தில் அந்த வட்டம் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் 25 முதல் 33 விழுக்காட்டுக்குள் இருப்பதைக் காணலாம்.

மூக்கு அளவுக்கு மேல் கனத்தால் விமானம் நிலையாகத்தான் இருக்கும், ஆனால் மந்தமாகிவிடும். எலிவேட்டரை இழுத்துப் பிடித்துக்கொண்டே பறக்க வேண்டியிருக்கும். தரையிறங்கும் கடைசி வினாடியில் மூக்கைத் தூக்கப் பார்த்தால் எலிவேட்டருக்குப் போதிய வலு இருக்காது, முன்சக்கரமும் புரொப்பெல்லரும் தரையில் மோதும். வால் கனத்தால் வருவது இதைவிடப் பெரிய ஆபத்து. கையிலுள்ள ரேடியோ கருவியின் குச்சியை ஒரு மயிரிழை அசைத்தாலே விமானம் துள்ளும். வேகம் சற்றுக் குறைந்ததும் தூக்குவிசையை இழந்து சுழன்று விழும். மீட்கக் கைகளுக்கு அவகாசம் கிடைக்காது. ஆகவே சந்தேகம் வரும்போது, குறித்த இடத்துக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் வைத்து முதல் பறப்பைத் தொடங்குவதே நல்லது.

இனி, மாற்றங்கள் இந்தப் புள்ளியை எப்படி நகர்த்துகின்றன என்று பார்ப்போம். முன்பு நம் ஊர்ச் சந்தைகளிலும் மருந்துக் கடைகளிலும் ஒரு நீண்ட கோலும் நகரும் ஒரு குண்டும் கொண்ட தூக்குக்கோலில் நிறுப்பார்கள். பிடியிலிருந்து தொலைவில் தொங்கும் சின்னக் குண்டு, பிடிக்கு அருகே தொங்கும் பெரிய மூட்டையைச் சமன்செய்துவிடும். விமானத்தின் உடலும் அதே கணக்கில்தான் இயங்குகிறது: எடையை ஈர்ப்பு மையத்திலிருந்து அது இருக்கும் தொலைவால் பெருக்கினால் கிடைக்கும் திருப்புத்திறனே முக்கியம், வெறும் எடை அன்று.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது நன்கு விளங்கும். 1,200 கிராம் எடையும் 240 மி.மீ. இறக்கை அகலமும் உள்ள விமானத்தில் ஈர்ப்பு மையம் 28 விழுக்காட்டில், அதாவது முன்விளிம்பிலிருந்து 67 மி.மீ. தொலைவில், இருக்கிறது என்று கொள்வோம். அதைக் கட்டுகிறவர் வாலை வலுப்படுத்தக் கூடுதல் பசையும், அழகுக்காக வண்ணப்பூச்சும் சேர்க்கிறார்; எல்லாம் சேர்ந்து 20 கிராம்தான். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து 600 மி.மீ. பின்னால் இருந்தால், திருப்புத்திறன் 20 பெருக்கல் 600, ஆக 12,000. இதைப் புதிய மொத்த எடையான 1,220ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 மி.மீ. வருகிறது. ஈர்ப்பு மையம் 67இலிருந்து 77 மி.மீ.க்கு, 28 விழுக்காட்டிலிருந்து 32 விழுக்காட்டுக்கு, பின்வாங்கிவிட்டது. ஒரு மேசைக்கரண்டி அளவுப் பொருள் நம் பாதுகாப்பு இடைவெளியில் கணிசமான பகுதியைத் தின்றுவிட்டது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஈர்ப்பு மையத்திலிருந்து 200 மி.மீ. முன்னால் மூக்கில் ஈயத்தை வைப்பதானால் 60 கிராம் தேவைப்படும். வாலில் சேர்ந்த 20 கிராமுக்காக விமானம் மொத்தம் 80 கிராம் கனக்கும். மாறாக, ஏற்கெனவே விமானத்தில் இருக்கும் 180 கிராம் பேட்டரியை 67 மி.மீ. முன்னால் தள்ளினால் அதே 12,000 கிடைத்துவிடும். ஒரு கிராம்கூட ஏறாது. அனுபவமுள்ளவர்கள் ஈயத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, பேட்டரித் தட்டை நீளமாக அமைத்து முன்பின் நகர்த்த இடம் விடுவதன் காரணம் இதுதான். கிட்டில் பேட்டரிக்கு ஒரே ஓர் இடம் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தால், நான் பரிந்துரைக்கும் முதல் மாற்றம் அந்தத் தட்டை நீட்டுவதே.

கட்டும் கட்டத்திலேயே வாலை இலேசாக வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. பால்சா பெரும்பாலும் எக்குவடோரிலிருந்து வருகிறது. மரத்துக்கு மரம் அதன் அடர்த்தி மிகவும் வேறுபடும். 3 மி.மீ. தடிமனும் 100 மி.மீ. அகலமும் 1 மீட்டர் நீளமும் கொண்ட இரண்டு தகடுகள் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தாலும், ஒன்று 30 கிராமும் மற்றொன்று 60 கிராமும் இருக்கலாம். உடைந்த பாகத்துக்கு மாற்றாகவோ சொந்த வடிவமைப்புக்காகவோ சிங்கப்பூரின் பிராஸ் பாசா வளாகத்துக் கலைப்பொருள் கடையில் தகடு வாங்கப் போகிறவர்கள், சமையலறையில் மாவு நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசைப் பையில் எடுத்துச் செல்வது பயன் தரும். இரு விரல்களால் தகட்டின் நடுவைப் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தால் மென்மையானது எளிதில் வளையும், கனத்தது விறைத்து நிற்கும். இலேசானதை வாலுக்கும், விறைப்பானதை இறக்கையின் நீள்சட்டத்துக்கும் ஒதுக்க வேண்டும்.

பசையிலும் கணக்கு வேண்டும். எப்பாக்சி கனமானது, மோட்டாரைத் தாங்கும் முன்பலகையிலும் சக்கரக் கம்பி இறங்கும் இடத்திலும் அதன் வலு தேவை, வாலில் தேவையில்லை. வால் சட்டங்களுக்கு நீர்போன்ற சயனோஅக்ரிலேட் பசை ஒரு துளி போதும். அந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்த சிங்கப்பூரில் அது விரைந்து பிடித்துக்கொள்ளும், ஆனால் திறந்து வைத்த புட்டியும் அதே விரைவில் கெட்டியாகிவிடும். பால்சாவும் ஈரத்தை உறிஞ்சும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பின்கட்டில் துணி காயும் இடத்துக்கு அருகே வைத்த தகடு கனமாவதோடு முறுக்கிக்கொள்ளவும் கூடும். வளைந்த வாலை எந்த ஈயமும் நேராக்காது. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் போதும்.

மாற்றங்களில் மிகவும் வழக்கமானது வலுவான மோட்டாரைப் பொருத்துவது. அது மூக்கைக் கனக்கச் செய்யும். பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளிச் சமன்செய்யலாம். ஆனால் பெரிய மோட்டாருக்குப் பெரிய பேட்டரி, பெரிய பேட்டரிக்குக் கனமான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று எடை ஏறிக்கொண்டே போகும். ஈர்ப்பு மையம் சரியான இடத்தில் இருந்தாலும் மொத்த எடைக்கு ஒரு விலை உண்டு. விமானம் தூக்குவிசையை இழக்கும் வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். எடை 20 விழுக்காடு ஏறினால் அந்த வேகம் 9.5 விழுக்காடு உயரும், தரையிறங்கும் வேகமும் உடன் உயரும். பழகுநருக்கு இது சிறிய மாற்றமன்று. மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது அது ஓரிரு பாகை கீழ்நோக்கியும் வலப்புறமாகவும் சாய்ந்திருப்பதைக் கண்டு, கிட்டில் பிழை என்று நினைத்து நேராக்கிவிட வேண்டாம். புரொப்பெல்லரின் விளைவுகளை ஈடுசெய்ய வடிவமைத்தவர் வேண்டுமென்றே வைத்த சாய்வு அது.

புதிதாகச் சேர்க்கும் எந்தப் பொருளையும், கேமராவானாலும் விளக்கானாலும், ஈர்ப்பு மையத்துக்கு நேர்மேலோ நேர்கீழோ வைத்தால் சமநிலை கெடாது. வாலுக்கு அருகே சர்வோ வைக்கும் கிட்டுகளில் உலோகப் பற்சக்கரம் கொண்ட கனமான சர்வோவுக்கு மாறுவதற்கு முன், அதை இறக்கைக்கு அடியில் வைத்து நீண்ட தள்ளுகம்பியால் எலிவேட்டரை இயக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் எடைக்கு இன்னொரு பொருளும் உண்டு. சட்டப்படி மாதிரி விமானமும் ஆளில்லா விமானமே. பேட்டரி உட்பட மொத்த எடை 250 கிராமைத் தாண்டினால், வெளியிடத்தில் பறக்கவிடுவதற்கு முன் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவுசெய்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக 1.5 கிலோவுக்கு மேல் 7 கிலோ வரை உள்ளதைப் பறக்கவிட அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் தேவை. ஆகவே 240 கிராமில் நின்ற சிறு நுரைப்பலகை விமானத்துக்குச் சக்கரம் மாட்டினாலோ, 1.4 கிலோ விமானத்துக்குப் பெரிய பேட்டரி வைத்தாலோ, அதன் சட்ட நிலையே மாறிவிடும். 250 கிராமுக்கு மேற்பட்டவற்றில் அடையாளத்தை ஒலிபரப்பும் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற விதியும் 2025 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. கிட்டிலிருந்து கட்டிய விமானத்தில் அந்தக் கருவியும் தனியாகச் சேரும் எடைதான். மேலே சொன்னபடி ஈர்ப்பு மையத்துக்கு அருகே அதற்கு இடம் ஒதுக்குவது நல்லது.

இப்போது அளக்கும் முறை. விமானத்தை முழுமையாகப் பூட்டி, பேட்டரி, புரொப்பெல்லர், சக்கரம் எல்லாம் பறக்கும்போது இருப்பதைப்போலவே இருக்கச் செய்ய வேண்டும். பேட்டரியின் மின்கம்பி இணைக்கப்படாமல் இருக்கட்டும். கைபட்டு மோட்டார் சுழன்றுவிடக் கூடாது. கூடத்து மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அதன் காற்று இறக்கையில் பட்டால் அளவு பொய்யாகும். உடலுக்கு இருபுறமும் இறக்கையின் அடிப்பக்கத்தில் முன்விளிம்பிலிருந்து வரைபடம் காட்டும் தொலைவை (நம் எடுத்துக்காட்டில் 67 மி.மீ.) அளந்து, பென்சிலால் குறித்து, அந்தக் குறியின்மேல் சிறு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால், கண்ணால் பார்க்காமலே விரல்நுனி அதன் விளிம்பை உணரும். இரு ஆள்காட்டி விரல்களையும் அங்கே வைத்து மெதுவாகத் தூக்க வேண்டும். உடல் கிடைமட்டமாகவோ, மூக்கு இம்மியளவு கீழ்நோக்கியோ நின்றால் சரி. வால் தொங்கினால் பேட்டரி முன்னால் போக வேண்டும். இறக்கை உடலுக்கு அடியில் உள்ள விமானங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து அளப்பதே சரியாக வரும், இல்லாவிட்டால் அது விரல்களிலிருந்து உருண்டுவிடப் பார்க்கும்.

வேரில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் உள்ள இறக்கைக்கு விழுக்காட்டை வேரின் அகலத்தில் கணக்கிடக் கூடாது. சராசரி அகலத்தைக் கொள்ள வேண்டும். வேர் 240 மி.மீ., நுனி 160 மி.மீ. என்றால், இதற்கென உள்ள வாய்பாட்டின்படி அது 203 மி.மீ. ஆகிறது. வரைபடத்து வட்டம் இருக்கும்வரை இந்தக் கணக்கு தேவைப்படாது. இறக்கையையே மாற்றி வடிவமைப்பவருக்குத்தான் இது வேண்டும். இடவலச் சமநிலையையும் ஒருமுறை பார்த்துவிடலாம்: மூக்கையும் வால்நுனியையும் பிடித்துத் தூக்கும்போது எப்போதும் ஒரே இறக்கை தாழ்ந்தால், மறு இறக்கையின் நுனியில் சில கிராம் சேர்க்க வேண்டும்.

தரையில் அளந்தது தொடக்கம். இறுதி விடையைப் பறப்புதான் தரும். வெளிநாட்டு வழிகாட்டிகள் இதற்கு ஒரு சோதனையைச் சொல்லும்: நல்ல உயரத்தில் விமானத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் குச்சியை விட்டுவிட்டால், மூக்கு கனத்தது தானாகவே விரைந்து மேலே எழும், வால் கனத்தது மேலும் செங்குத்தாகக் கவிழும். ஆனால் இங்கே அனுமதியின்றிக் கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 60 மீட்டருக்கு, மேல் பறக்கக் கூடாது. விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவும் அனுமதி வேண்டும். உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதால் மேட்டுத் திடலில் கைவசம் இருப்பது இன்னும் குறைவு. அந்த உயரத்தில் கவிழத் தொடங்கும் விமானத்தை மீட்கப் பழகுநருக்கு இடமில்லை. அவருக்கு ஏற்றது, விமானத்தை நேராகப் பறக்கவிட்டு, மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, அது எப்படிச் சறுக்கி இறங்குகிறது என்று கவனிப்பது. எலிவேட்டரைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தால்தான் மூக்கு நிற்கிறது என்றால் முன்கனம். குச்சி பட்டதும் படாததுமாகத் துள்ளினால் பின்கனம், உடனே தரையிறக்கிவிட வேண்டும். பிறகு பேட்டரியை ஒவ்வொரு முறையும் 5 மி.மீ.க்கு மேற்படாமல் நகர்த்திப் பார்க்கலாம். நம் கணக்கின்படி 180 கிராம் பேட்டரி 5 மி.மீ. நகர்ந்தால் ஈர்ப்பு மையம் முக்கால் மில்லிமீட்டர்தான் நகரும். அந்தச் சிறு மாற்றமே எலிவேட்டரின் உணர்வில் தெரியத் தொடங்கும்.

சரியான இடம் கிடைத்ததும் பேட்டரியின் முன்முனை நிற்கும் கோட்டைத் தட்டில் அழியாத மையால் வரைந்துகொள்ள வேண்டும். பேட்டரியை வெல்க்ரோவில் ஒட்டுவதோடு விடாமல், குறுக்கே பட்டையாலும் இறுக்கிக் கட்ட வேண்டும். செங்குத்தாக ஏறும்போது அது பின்னால் நழுவினால், இவ்வளவு கவனமாகக் கண்ட ஈர்ப்பு மையமும் அதோடு சேர்ந்து பின்னால் போய்விடும். வேறு கொள்ளளவுள்ள பேட்டரியை வாங்கினால் அதற்குத் தனிக்கோடு, அதன் எடையையும் அருகே எழுதி வைக்கலாம்.